ராப் பாட்டில் சாத்தானுக்கு என்ன வேலை?

கேள்வி சுருக்கமாக இதுதான். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் ராத்திரி வெகுநேரம் ஹெட்போனில் ஆங்கில ராப் கேட்கிறான். ஒருநாள் அவன் போனில் பாட்டு வரிகளைப் பார்த்தால் பிணம், ரத்தம், 666 (பைபிளில் வரும் மிருகத்தின் எண், சாத்தானின் அடையாளமாகச் சொல்வது), நரகம், சாத்தானோடு பேரம். "இது சாத்தான் வழிபாடா, இல்லை வெறும் வியாபாரமா? நான் பயப்பட வேண்டுமா?" என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வழிபாடு இல்லை. வியாபாரம் உண்டு, ஆனால் அது பாதிக் கதைதான். மீதிப் பாதி உங்களை ஆச்சரியப்படுத்தலாம்: இந்தப் பாட்டுகளில் வருகிற சாத்தான் பெரும்பாலும் சர்ச்சில் வளர்ந்த பிள்ளைகளின் சாத்தான். பிசாசு நிஜம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டு வளர்ந்தவனுக்குத்தான் அந்தப் பெயரை மைக்கில் உச்சரிக்கும்போது நாக்கு கூசும். நம்பிக்கையே இல்லாதவனுக்கு அது கொம்பு வைத்த கார்ட்டூன் பொம்மை. பயப்பட வேண்டிய சமாச்சாரம் ஒன்றிரண்டு இருக்கிறது. அது நீங்கள் பார்த்துத் திடுக்கிட்ட இடத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த வகைக்கு ஹாரர்கோர் என்று பெயர். 1994 வாக்கில் பத்திரிகைகளில் பரவலான சொல். சங்கதி அதற்கு முந்தையது. 1980-களின் கடைசியில் பேய்ப்படங்கள் வீடியோ கேசட்டாக வீட்டுக்குள் வந்துவிட்டன. 1988-ல் ஃபிரெடி க்ரூகர் என்ற பேய்ப்பட வில்லனை வைத்து இரண்டு ராப் பாட்டு வந்தது. ஃபேட் பாய்ஸ் குழுவினுடையது படத் தயாரிப்பாளரின் அனுமதியோடு வந்தது. டிஜே ஜாஸி ஜெஃப், ஃபிரெஷ் பிரின்ஸ் (பின்னாளில் ஹாலிவுட் நடிகரான வில் ஸ்மித்தேதான்) போட்டது அனுமதி இல்லாதது. படத்தை எடுத்த நியூ லைன் சினிமா நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. இரண்டுமே விளையாட்டுப் பாட்டுகள், பிள்ளைகள் கூடிச் சொல்லும் பேய்க்கதை மாதிரி. யாரும் பயப்படவில்லை.

பயம் ஹூஸ்டனிலிருந்து வந்தது.

கெட்டோ பாய்ஸ் என்ற குழு. ஸ்கார்ஃபேஸ், வில்லி டி, புஷ்விக் பில் என்று மூன்று பேர். 1990-ல் அவர்கள் ஆல்பத்தை விநியோகிக்க மாட்டோம் என்று கெஃபன் நிறுவனம் கைகழுவியது. காரணங்களில் முக்கியமானது ஒரு மனநோயாளிக் கொலைகாரன் "நான்" என்று தன்மையில் பேசும் பாட்டு. ஜன்னல் வழியாக ஒரு பெண்ணை வேவு பார்ப்பதில் தொடங்கி எங்கெங்கோ போகும், இங்கே எழுத முடியாது. அந்தப் பாட்டின் கொடூரத்துக்குச் சாத்தான் தேவைப்படவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம், 1991-ல், அதே குழு 'மைண்ட் பிளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ' என்ற பாட்டைப் போட்டது. ஐசக் ஹேஸின் பழைய கிட்டார் இசை ஒன்றை எடுத்து, திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஆக்கியிருப்பார்கள். கேட்டால் பேய்ப்பாட்டு என்றே தோன்றாது. மாலை வெயிலில் காரில் போகும்போது கேட்கிற மாதிரி இதமாக இருக்கும். அதன் மேல் ஒருவன் தூக்கம் வரவில்லை என்கிறான். இருட்டில் மெழுகுவர்த்தி தெரிகிறது, உடல்கள் எரிவது தெரிகிறது, நாலு சுவரும் தன்னையே முறைக்கின்றன என்கிறான். காற்றடித்தால் துப்பாக்கியை எடுக்கிறான், இருபது நொடிக்கொரு தரம் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறான். பிறகு இன்னொருவன் வருகிறான். தன் காரை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று நினைத்து ஆயுதத்தோடு தயாராகிறான். கடைசியில் பார்த்தால் பின்னால் வந்தது மூன்று தள்ளாத கிழடுகள்.

கடைசிப் பகுதியைப் புஷ்விக் பில் பாடுவார். மூன்றரை அடிக்கும் சற்று அதிகமான உயரம் உள்ள மனிதர். அந்த வருஷம் ஹாலோவீன் (பிள்ளைகள் பேய் வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் வாங்கும் அமெரிக்கப் பண்டிகை) சனி ஞாயிறில் வந்தது, நாங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளின் மிட்டாய்ப் பையைப் பிடுங்கிக்கொண்டு திரிந்தோம் என்று ஆரம்பிக்கிறார். ஒரு பெரியவர் துரத்துகிறார். ஓடித் திரும்பிப் பார்த்தால் ஆள் முகத்துக்கு நேராக நிற்கிறார், ஆறேழு அடி உயரம். மூன்று பேரும் சேர்ந்து அடிக்கிறார்கள். அடிக்க அடிக்க ரத்தம் தெறிக்கிறது. திடீரென்று பெரியவரைக் காணோம். கூட வந்த நண்பர்களையும் காணோம். அப்போதுதான் உறைக்கிறது: அன்றைக்கு ஹாலோவீனே இல்லை. இருட்டுத் தெருவில் ஒற்றை ஆளாக நின்று சிமெண்ட் தரையைக் குத்திக்கொண்டிருக்கிறான். கையெல்லாம் ரத்தம், அவனுடைய ரத்தம்.

முப்பது வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. பேய் ராப்பில் இதைவிட நல்ல ஒரு காட்சியை நான் இன்னும் கேட்கவில்லை. பேயும் இல்லை, பூதமும் இல்லை. போதைமருந்து விற்று, எவன் எப்போது சுடுவான் என்று தெரியாமல் வாழ்கிற ஒருவனுக்குப் புத்தி பேதலிக்கிற கணக்கு அது. "எனக்கு மனசு சரியில்லை" என்று அந்தத் தெருவில் ஓர் ஆம்பளை சொல்ல முடியாது, சொன்னால் முடிந்தான். பேய்க்கதையாகச் சொன்னால் சொல்லலாம். ஸ்கார்ஃபேஸ் தன்னுடைய மன அழுத்தத்தைப் பற்றிப் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இதே பாட்டில் இன்னோர் இடமும் உண்டு. ஞாயிறு காலை தவறாமல் ஆராதனைக்குப் போகிறேன், இந்தத் தொழிலிலிருந்து வெளியேற வழி கேட்டு ஜெபிக்கிறேன் என்பார். சர்ச் எங்கே வருகிறது என்று கவனித்தீர்களா?

இனி மெம்ஃபிஸ், அமெரிக்காவின் தெற்கே ஒரு நகரம். உங்கள் மகன் போனில் இருப்பது அநேகமாக இந்த வழியில் வந்த பாட்டுதான். ரீல்ஸில் கார் வீடியோக்களுக்குப் பின்னால் "டிங் டிங்" என்று மாட்டுமணி ஓசையோடு, ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து ஒருவன் முணுமுணுக்கிற குரலோடு வருமே, அந்த ஃபோங்க் இசைக்குத் தாய்வீடு 1990-களின் மெம்ஃபிஸ் கேசட்டுகள்.

மெம்ஃபிஸைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, அது சர்ச் நகரம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் மிகப் பெரிய பெந்தெகொஸ்தே சபையின் தலைமையிடம் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சபையின் மேசன் டெம்பிளில்தான் மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 3 அன்று தன் கடைசிப் பிரசங்கத்தைச் செய்தார், மறுநாள் அதே ஊரில் சுடப்பட்டார். பெந்தெகொஸ்தே என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: அந்நிய பாஷை, சாட்சி, பிசாசு விரட்டல். பிசாசு அங்கே உருவகம் கிடையாது, பக்கத்துவீட்டுக்காரன் மாதிரி.

இரண்டு, ப்ளூஸ், அதாவது தெற்கத்திக் கறுப்பின மக்களின் பழைய சோகப் பாட்டு. மெம்ஃபிஸிலிருந்து தெற்கே இறங்கினால் மிசிசிப்பி டெல்டா. அங்கே 1930-களில் ராபர்ட் ஜான்சன் என்ற இளைஞர் இருந்தார். நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆத்மாவை விற்று கிட்டார் வித்தையை வாங்கினார் என்று கதை. சாத்தானும் தானும் ஜோடியாக நடந்துபோவதையும், நரகத்து நாய் தன் தடம்பற்றி வருவதையும் அவர் பாடியே வைத்திருக்கிறார். 1936, 37 இரண்டு வருஷத்தில் 29 பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு 1938-ல் 27 வயதில் செத்துப்போனார். அதே காலத்தில் பீட்டி வீட்ஸ்ட்ரா என்பவர் "சாத்தானின் மருமகன்" என்று தனக்குத்தானே பட்டம் போட்டு இசைத்தட்டு விற்றார். வியாபாரம் என்றீர்களே, அதற்கு அப்போதே வயது ஆகிவிட்டது. சர்ச் ஜனங்கள் ப்ளூஸை "பிசாசின் சங்கீதம்" என்றே சொன்னார்கள். சனி ராத்திரி இதைப் பாடுகிறவன் ஞாயிறு காலை அதைப் பாடுவான், ஆள் ஒன்றே.

இன்னும் பின்னால் போனால் ஸ்டாக்கர்லீ. 1895 கிறிஸ்துமஸ் இரவில் செயிண்ட் லூயிஸ் மதுக்கடை ஒன்றில் லீ ஷெல்டன் என்பவன் பில்லி லையன்ஸ் என்பவனைச் சுட்டுக் கொன்றான். அந்தச் சம்பவம் பாட்டாகி, கறுப்பின ஆண்கள் கூடும் இடங்களில் சொல்லும் நீண்ட எதுகைக் கதையாகி, அதில் சிலவற்றில் ஸ்டாக்கர்லீ தூக்கில் செத்து நரகத்துக்குப் போய்ச் சாத்தானையே விரட்டிவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வான். ராப்புக்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே ஊறிப்போன கற்பனை இது. போலீஸ், நீதிபதி, முதலாளி யாரையும் ஜெயிக்க முடியாதவன், கதையில் நரகத்தையாவது ஜெயித்துக்கொள்கிறான்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு த்ரீ சிக்ஸ் மாஃபியாவுக்கு வாருங்கள். பெயரிலேயே மூன்று ஆறு. டிஜே பால், ஜூசி ஜே, லார்ட் இன்ஃபமஸ் ஆகியோர் தொடங்கி, பிறகு மற்றவர்கள் சேர்ந்தார்கள். பதினைந்து வயசுப் பெண்ணாக அதற்குள் வந்து ஆண்களுக்குச் சரிக்குச் சரி பேசிய கேங்ஸ்டா பூ அவர்களில் ஒருவர். 2023-ன் முதல் நாளில் 43 வயதில் காலமானார். முதல் ஆல்பம் 'மிஸ்டிக் ஸ்டைல்ஸ்' 1995-ல் வந்தது.

அதற்கு முன்பு எல்லாம் கேசட்தான். வீட்டில் நாலு டிராக் ரெகார்டர், ஒரு மைக், ரோலண்ட் 808 டிரம் மெஷின். இந்த 808 ஜப்பானில் 1980-ல் வந்து 1983-லேயே உற்பத்தி நின்ற சரக்கு. விலைபோகாததால் பழைய சாமான் கடைகளுக்கு வந்து, கையில் காசில்லாத பையன்களிடம் சேர்ந்தது. மாட்டுமணி ஓசை அதனுடையதுதான். பேய்ப்படத்தின் பின்னணி இசையிலிருந்து நாலைந்து சுரத்தை எடுத்து லூப் போடுவார்கள். 1978-ன் 'ஹாலோவீன்' படத்துக்கு இயக்குநர் ஜான் கார்பென்டரே போட்ட இசை இதற்கெல்லாம் மூலவர் மாதிரி. ஐந்து எண்ணிக்கையில், "தகதகிட தகதகிட" என்று நிற்காமல் ஓடும் பியானோ. சின்ன வயதில் அப்பா போங்கோவில் கற்றுக்கொடுத்த தாளம் என்று கார்பென்டர் சொல்லியிருக்கிறார்.

கேசட்டிலிருந்து கேசட்டுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று நகல் எடுக்க எடுக்க இரைச்சல் கூடும், குரல் உள்ளே அமுங்கும். காசில்லாமையால் வந்த குறை அது. கேட்கிறவன் காதுக்கோ கல்லறைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. இன்றைக்கு விலையுயர்ந்த ஸ்டூடியோவில் உட்கார்ந்துகொண்டு அந்த இரைச்சலை வேண்டுமென்றே கலக்கிறார்கள். நல்ல வேடிக்கை.

லார்ட் இன்ஃபமஸ் 2013-ல் இறந்துவிட்டார். அவர் வரிகளில்தான் சடங்கு, சவப்பெட்டி, பலி, ஆவி எல்லாம் அதிகம். ஆனால் அவர் விட்டுப்போன பெரிய சொத்து சாத்தான் இல்லை, நடை. நாலு எண்ணிக்கைப் பீட்டின் மேல் மும்மூன்றாக, நம் கணக்கில் திஸ்ர நடையில், "தகிட தகிட தகிட" என்று உருட்டுவார். மந்திரம் ஜெபிக்கிற மாதிரி இருக்கும். இன்றைக்கு ட்ராப் என்ற பெயரில் உலகம் முழுக்கக் கேட்பது இந்த உருட்டலைத்தான். வேகமாகப் பாடும் இந்தப் பாணி யாருடையது என்று கிளீவ்லண்டின் போன் தக்ஸ்-என்-ஹார்மனி குழுவோடு அந்தக் காலத்தில் சண்டையே நடந்தது. அவர்கள் ஆவியிடம் கேள்வி கேட்கும் ஊஜா பலகையை வைத்துப் பாட்டுப் போட்டவர்கள். தங்கள் சாவைப் பற்றிப் பலகையிடம் கேட்பது போல அமைந்த பாட்டு அது. வன்முறை மிகுந்த தெருவில் இருபது வயதுக்காரன் கேட்கக்கூடிய நியாயமான கேள்விதான்.

சரி, 666 என்று பெயர் வைத்தவர்களுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று? 2006-ல் ஆஸ்கர் கிடைத்தது. ராப் குழு ஒன்று அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் முறை. மேடையில் குதித்துக் குதித்து ஆளாளுக்கு நன்றி சொன்னார்கள். இயேசுவுக்கும் சேர்த்துத்தான்.

டெட்ராய்ட் வேறு கதை. அங்கே அக்டோபர் 30, ஹாலோவீனுக்கு முந்தைய இரவுக்கு "டெவில்ஸ் நைட்" என்று பெயர். காலி வீடுகளுக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் தீவைப்பார்கள். 1984-ல் அந்தச் சில நாட்களில் மட்டும் 800-க்கும் மேற்பட்ட தீவிபத்துகள். கார் தொழிற்சாலை மூடி, ஜனம் வெளியேறி, தெருத்தெருவாக வீடுகள் காலியாகக் கிடந்த ஊர். 1990-களின் நடுவில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் ராத்திரி ரோந்து போய், "ஏஞ்சல்ஸ் நைட்" என்று அதற்குப் பெயரையும் மாற்றித்தான் அடக்கினார்கள். இந்த ஊரில் ஈஷம் என்ற பையன் பதினாறு வயது வாக்கில், 1989-ல், நரகத்திலிருந்து வரும் வார்த்தைகள் என்ற பொருளில் தலைப்பு வைத்து ஆல்பம் போட்டான் என்றால், அதில் எவ்வளவு கற்பனை, எவ்வளவு ஜன்னலுக்கு வெளியே பார்த்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

அதே ஊரிலிருந்து இன்சேன் க்ளவுன் பாஸி. கோமாளி வேஷம் கட்டிய இரண்டு வெள்ளைக்காரர்கள். பாவிகளை நியாயம் விசாரிக்கிற ஓர் இருட்டுத் திருவிழா, அதற்கு ஆறு ஜோக்கர் சீட்டுகள், ஆல்பத்துக்கு ஒரு சீட்டு என்று பத்து வருஷம் கதையை இழுத்தார்கள். 1997-ல் டிஸ்னிக்குச் சொந்தமான நிறுவனம் இவர்கள் ஆல்பத்தை வெளியிட்ட அன்றே கடையிலிருந்து திரும்ப எடுத்தது. 2002-ல் ஆறாவது சீட்டைத் திறந்தார்கள். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? கடவுள். அந்தத் திருவிழாவே கடவுளின் வழி, இத்தனை நாளும் உங்களை அங்கேதான் கூட்டிவந்தோம் என்றார்கள். கோடாரியும் ரத்தமுமாகக் கேட்டுப் பழகிய ரசிகர்களில் பாதிப்பேர் ஏமாந்துபோனார்கள். இசையாக எனக்கு இவர்கள் பிடிக்காது, அந்த முடிவு மட்டும் ரொம்பப் பிடிக்கும். 2011-ல் எஃப்பிஐ இவர்களுடைய ரசிகர்களை ஒரு ரவுடிக் கூட்டமாகவே அறிக்கையில் சேர்த்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2017-ல் முகத்தில் கோமாளிச் சாயத்தோடு வாஷிங்டனில் ஊர்வலமும் போனார்கள்.

நியூயார்க்கில் கிரேவ்டிகாஸ். 1994-ல் 'சிக்ஸ் ஃபீட் டீப்' ஆல்பம். நாலு பேரும் அந்த நேரத்தில் ஏதோ ஒரு விதத்தில் அடிபட்டவர்கள். அவர்களில் பிரின்ஸ் பால் பிரபலமான தயாரிப்பாளராக இருந்தும் ஓரங்கட்டப்பட்டிருந்தார். ரிஸா ஒஹாயோவில் கொலைமுயற்சி வழக்கில் சிக்கி விடுதலையாகி வந்தவர். பொயட்டிக் வீடு வாசலில்லாமல் திரிந்தவர். கம்பெனிகள் எங்களைக் கொன்றுவிட்டன, கல்லறையிலிருந்து பாடுகிறோம் என்பதுதான் வேஷம். குழுவின் பெயர் "வெட்டியான்கள்" என்று பொருள்படும். வெட்டியான் எதற்கு? இங்கேதான் ஐந்து சதவீதத்தார் என்ற அமைப்பின் போதனை வருகிறது. 1964-ல் ஹார்லெமில் தோன்றியது. நூற்றுக்கு 85 பேர் உண்மை தெரியாமல் மனதளவில் செத்தவர்கள், 10 பேர் தெரிந்தும் ஏய்ப்பவர்கள், மீதி 5 பேர் தெரிந்து சொல்லிக்கொடுப்பவர்கள் என்பார்கள். சொர்க்கம் நரகம் எல்லாம் செத்தபிறகு இல்லை, இங்கேயே இருக்கிறது என்பதும் அவர்கள் கொள்கை. அப்படிப் பார்த்தால் இந்த வெட்டியான்கள் புதைக்க வரவில்லை, செத்தவர்களைத் தோண்டி எடுத்து எழுப்ப வந்திருக்கிறார்கள். ரிஸா அப்படித்தான் விளக்கமும் கொடுத்தார்.

அவர்களுடைய முக்கியமான பாட்டு ஒன்று நீதிமன்றத்தில் நடக்கும். பின்னணியில் ஒரு பெண் புலம்புவது போன்ற குரல் சுற்றிச் சுற்றி வரும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவன், நான் செய்யவில்லை, எனக்குள் புகுந்த ஆவி செய்தது என்று வாக்குமூலம் கொடுப்பான். கேட்கும்போது நகைச்சுவையா திகிலா என்று தீர்மானிக்க முடியாது. கோர்ட்டு, கூண்டு, கறுப்பின இளைஞன், அவன் பேச்சை நம்பாத ஜட்ஜ் என்று நினைத்தால் சிரிப்பு போய்விடும். பொயட்டிக் அந்தக் குழுவில் வைத்துக்கொண்ட பெயர் "கிரிம் ரீப்பர்", அதாவது உயிரை அறுத்துப்போகும் எமன். 2001-ல் குடல் புற்றுநோயில் இறந்துபோனார். நோயோடு இருந்தபோதும் பாடிக்கொண்டிருந்தார்.

சாத்தானோடு பேரம் என்று நீங்கள் குறிப்பிட்டது ராப் பாடகர் டிஎம்எக்ஸின் 'டேமியன்' ஆக இருக்கலாம். 1998-ல் வந்தது. 'தி ஓமன்' படத்தில் வரும் பிசாசுக் குழந்தையின் பெயர். இரண்டு குரலையும் அவரே பேசுவார். ஒரு குரல் ரொம்ப நைச்சியமாக வரும்: உனக்கு என்ன வேண்டும், கார் வேண்டுமா, பணம் வேண்டுமா, நான் உன் நண்பன்டா என்று. வாங்கிக்கொண்டே போவார். பிறகு அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும். பதிலுக்கு ஒரு வேலை செய், ஆளை முடி, அடுத்து உன் சொந்த நண்பனை முடி. கந்துவட்டிக்காரன் பேச்சு எப்படி மாறும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் குரல் புதிதாக இருக்காது. அதே ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் ஜெபம் ஒன்றை இசையே இல்லாமல் சொல்லுவார், கடவுளோடு ஓர் உரையாடலும் உண்டு. அதன் பிறகு ஆல்பத்துக்கு ஒரு ஜெபம் என்பது அவருக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது. கச்சேரி நடுவில் கண்ணீரோடு ஜெபம் செய்திருக்கிறார். டேமியனை மட்டும் கேட்டுவிட்டு அந்த ஜெபத்தைக் கேட்காமல் விட்டால், பாதிப் பிரசங்கத்தில் எழுந்து வந்த மாதிரி.

இல்லுமினாட்டி பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் குடும்ப வாட்ஸப் குரூப்பில் கண்டிப்பாக வந்திருக்கும். 1991-ல் வில்லியம் கூப்பர் என்பவர் உலகை ஆளும் ரகசியச் சபை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஜெயில்களிலும் ஹார்லெம் தெருக்கடைகளிலும் அது கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. 1995-ல் மாப் டீப் குழுவின் பிராடிஜி, இல்லுமினாட்டிக்கு என் மனசும் ஆத்மாவும் உடம்பும் வேண்டுமாம் என்று ஒரு வரி பாடினார். அடுத்த வருஷம் ஜே-ஸி அந்த வரியின் குரலையே எடுத்துத் தன் பாட்டில் பல்லவியாக வைத்தார். பணத்தாசை எப்படிச் சிறுவயது நண்பர்களைப் பிரிக்கிறது என்பதுதான் அந்தப் பாட்டு. பிசாசு அங்கே பணம். பிற்காலத்தில் அதே ஜே-ஸி கையை முக்கோணமாகத் தூக்கினால் "இல்லுமினாட்டி ஆள்" என்று வீடியோ வருகிறது. இல்லுமினாட்டியைப் பழித்த வரி அவரையே இல்லுமினாட்டி ஆக்கிவிட்டது. சில பாடகர்கள் இதை மறுக்காமல் விட்டு லாபம் பார்க்கிறார்கள் என்பதும் உண்மைதான். 2021-ல் லில் நாஸ் எக்ஸ் ஒரு சொட்டு ரத்தம் கலந்த "சாத்தான் ஷூ" 666 ஜோடி விற்றாரே, ஒரு ஜோடி 1,018 டாலர். விலையிலேயே பைபிள் வசனம் ஒளிந்திருக்கிறது: லூக்கா 10:18, சாத்தான் மின்னலைப்போல வானத்திலிருந்து விழுகிறதைக் கண்டேன். ஞாயிறு பள்ளிக்குப் போகாதவருக்கு அந்த ஜோக் வராது. நைக்கி நிறுவனம் வழக்குப் போட்டது சாத்தானுக்காக இல்லை, தன் ஷூவைத் தன் அனுமதியில்லாமல் மாற்றி விற்றதற்காக.

இப்போது, எதற்குக் கவலைப்படலாம் என்று சொன்னேனே, அது.

முதலாவது, இந்த வகைப் பாட்டுகளில் வெட்டப்படும் உடல்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். "இது கதாபாத்திரம் பேசுவது" என்பது சரியான வாதம். ஆனால் கதாபாத்திரங்கள் எல்லோருக்கும் ஏன் ஒரே வெறுப்பு என்று கேட்டால் பதில் இல்லை. பேய்ப்படமும் இந்த விஷயத்தில் யோக்கியம் கிடையாது. 666-ஐ விட்டுவிடுங்கள், இந்த வரிகளைப் பற்றி மகனிடம் பேசுங்கள். வெட்கப்படுவான். படட்டும்.

இரண்டாவது, தற்கொலை. இணையத்தில் வளர்ந்த புதிய தலைமுறை ஆட்கள், உதாரணமாக நியூ ஆர்லியன்ஸின் சூசைட்பாய்ஸ், பழைய மெம்ஃபிஸ் ஓசையை எடுத்துக்கொண்டு பிசாசைக் குறைத்து, போதையையும் சாக ஆசைப்படுவதையும் முன்னால் வைத்தார்கள். பிறகு அந்த இருவரும் போதையிலிருந்து மீண்டதைப் பற்றியும் பாடுகிறார்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, நண்பர்களை விட்டு விலகி, கூடவே இந்தப் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்றால் பாட்டைப் பிடுங்காதீர்கள், பையனைக் கவனியுங்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நன்றாகச் சாப்பிட்டு, கிரிக்கெட் ஆடி, கூடவே இதையும் கேட்கிறான் என்றால் அவனுக்குப் பேய்ப்படம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இந்த வரிகளை வேறு மாதிரி எடுத்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு, கோர்ட்டு. எழுதிய ராப் வரியையே வாக்குமூலம் போல வாசித்துக் காட்டித் தண்டனை வாங்கிக்கொடுத்த வழக்குகள் நிறைய. பேய்க்கதை எழுதும் நாவலாசிரியருக்கு இப்படி நேர்வதில்லை. கலிஃபோர்னியா 2022-ல் சட்டம் போட்டு இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1993-ல் ஸ்னூப் டாக், தான் சுடப்பட்டுச் சாகும் தருவாயில் ஒரு குரல் வந்து பேரம் பேசுவதாகப் பாட்டுப் போட்டார், அந்தப் பாட்டு வந்தபோது அவர்மேலேயே நிஜக் கொலைவழக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1996-ல் விடுதலையானார்.

நீங்கள் எதையாவது கேட்டுப் பார்க்க விரும்பினால் இந்த வரிசையில் கேளுங்கள். முதலில் ராபர்ட் ஜான்சன், ஒரே ஒரு பாட்டு, நரகத்து நாய் வருவது. பிறகு கெட்டோ பாய்ஸின் அந்த 1991 பாட்டு, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. அதன்பின் டிஎம்எக்ஸின் டேமியனும் அதே ஆல்பத்தின் ஜெபமும், இரண்டும் சேர்த்து. கடைசியாக லாஸ் ஏஞ்சலிஸின் க்ளிப்பிங் குழு 2020-ல் போட்ட ஆல்பம். எரியும் உடல்களின் தோற்றங்கள் என்று பொருள்படும் அதன் தலைப்பே ஸ்கார்ஃபேஸ் அன்று தூக்கம் வராமல் சொன்ன வரியிலிருந்து எடுத்தது. மகனிடம் இதைச் சொன்னால் உங்களைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பான்.

சாக்ரமெண்டோவின் ப்ரதா லிஞ்ச் ஹங் மட்டும் வேண்டாம். நரமாமிசம் அவருடைய சங்கதி. திறமைசாலிதான், மறுக்கவில்லை. 1995-ல் வந்த அந்த ஆல்பத்தை நான் முழுதாகக் கேட்டது ஒரே ஒரு தடவை, விடுதி அறையில், மத்தியானம், விளக்கைப் போட்டுக்கொண்டு. அன்றைக்கு மெஸ்ஸில் சிக்கன். தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டேன்.